கன்னத்துப் பள்ளம் நிரப்பப் போன கதை

அன்பரே, உங்களை ஒன்று கேட்கிறேன். நெஞ்சில் கை வைத்துப் பதில் சொல்லுங்கள். நீங்கள் பிறருக்கு வழங்கும் அறிவுரைகளை எல்லாம் ஒருநாள் நீங்களே எதிரில் உட்கார்ந்து கேட்க நேர்ந்தால், எவ்வளவு நேரம் எழுந்து ஓடாமல் இருப்பீர்கள்?

அவசரப்பட வேண்டாம். யோசித்துச் சொல்லுங்கள். நான் ஓடிப்போனவன். எங்கே ஓடினேன் என்பதுதான் இந்தக் கதை.

வண்ணப்பூச்சுத் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் நான் பணியாளர் நல அலுவலர். நல அலுவலர் என்றால் என்ன வேலை என்று என் மனைவி அடிக்கடி கேட்பாள். அவளுக்கு விளக்க முடியாத பல செய்திகளில் அதுவும் ஒன்று. ஆனால் தினமும் காலையில் வேலை தொடங்குமுன் ஒலிபெருக்கியில் 'காலை நற்சிந்தனை' வழங்குவது நானே. சரக்குக் கிடங்கு முதல் கழிவறை வரை என் குரல் எட்டும். கழிவறையில் இருப்பவருக்கு எழுந்து போக வழியில்லை. அறத்துக்கு அப்படிப்பட்ட செவிகள்தாம் தேவை.

நான் மிகுதியாகப் பேசியது புறத்தோற்றத்தின் சிறுமை பற்றி. 'முகம் தகரம், அகம் தங்கம்' என்பது நானே உருவாக்கிய முழக்கம். அதற்கு ஓர் உவமைக் கதையும் உண்டு. நசுங்கிய மூடியோடு ஒரு வண்ண டப்பா கடையில் இருந்தது. வந்தவர் எல்லோரும் அதை ஒதுக்கினார்கள். ஒருவர் மட்டும் வாங்கிப் போனார். உள்ளே இருந்த வண்ணம் அவர் வீட்டை அந்தத் தெருவிலேயே அழகான வீடாக்கியது. நசுங்கிய டப்பா என்பதால் அவர் பாதி விலைக்குக் கேட்டார் என்பதை நான் சொல்வதில்லை. நீதிக்கு அது இடையூறு.

இவ்வளவு உயர்ந்த கருத்து எனக்கு எப்படி வந்தது என்று நீங்கள் வியக்கலாம். என் முகத்தைப் பார்த்தால் வியக்க மாட்டீர்கள்.

இளமையில் எல்லோருக்கும் முகப்பரு விருந்தாளியைப் போல வந்து போகும். என்னிடம் வந்தவை சுற்றத்தோடு வந்து, ஆண்டுக்கணக்கில் தங்கி, போகும்போது கூடாரம் அடித்த குழிகளை மூடாமலே போய்விட்டன. இரண்டு கன்னங்களிலும் பள்ளங்கள். என்னோடு பேசுபவரின் பார்வை என் கண்ணில் தொடங்கி, கன்னத்தில் இறங்கி, அங்கே தடுக்கி விழுந்து, எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு மேலே வரும். சவரம் செய்யும்போது நான் விளக்கைப் பாதி அணைத்துவிடுவேன். சிக்கனம் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

மனைவியைப் பற்றி இங்கே ஒரு சொல். அவள் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறாள். நகரும் பட்டையில் பெட்டிகள் வரும். திரையில் அவற்றின் குடல் தெரியும். பூட்டைத் தொடாமலே உள்ளே இருப்பதைச் சொல்வாள். அவளிடம் பொய் சொல்லும்போதெல்லாம் நானே அந்தப் பட்டையில் மல்லாந்து படுத்து மெதுவாக நகர்ந்து போவதாகத் தோன்றும்.

ஒருநாள் நான் செய்தித்தாளில் மூழ்கியிருந்தபோது அவள் கேட்டாள்.

"ஏங்க, ஒரு தோல் டாக்டரைப் போய்ப் பார்த்துட்டு வரலாமா? இந்தக் கன்னத்துல இருக்கிற தழும்புக்கு இப்பல்லாம் வைத்தியம் இருக்காமே."

செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே நான் அவளை உயர்த்த முற்பட்டேன். "நிலத்துல ஏம்மா பள்ளம் இருக்கு? மழைத் தண்ணி தங்கறதுக்கு. தண்ணி தங்கினாத்தான் பயிர். பள்ளம்ங்கறது குறையில்லம்மா, கொடை."

"அப்ப என் கன்னத்துல தண்ணி தேங்கட்டும்ங்கறீங்க."

"உவமையைக் கொச்சைப்படுத்தாதே."

"சரிங்க. பயிர் முத்தினதும் சொல்லுங்க, அறுக்க ஆள் பார்க்கறேன்."

அதன் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என் உவமை ஒரு பெண்ணை மாற்றிவிட்டது என்று அடுத்த வாரம் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லாமல் குறிப்பிட்டேன்.

இப்படி இரண்டு ஆண்டுகளாக அறம் செழித்துக்கொண்டிருந்த வேளையில்தான் மேலாளர் என்னை அழைத்தார். அவர் அருகில் எங்கள் பாதுகாப்பு அதிகாரி நின்றிருந்தார். தொழிற்சாலையில் அந்த இளைஞருக்குப் 'பளிங்கு' என்று பெயர். அவர் கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் சறுக்கிக் கழுத்துக்கு வந்துவிடும்.

"இனிமே ஒலிபெருக்கி கிடையாது சார்," என்றார் மேலாளர். "சாப்பாட்டுக் கூடத்துல பெரிய திரை மாட்டியாச்சு. நற்சிந்தனையை எல்லாரும் உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே கேட்கலாம். கதவு உயரத்துக்குத் தெரிவீங்க."

"என் முகமா?"

"வேற யார் முகம்?"

பளிங்கு கனிவோடு இருமினார். "கேமரா கொஞ்சம் இரக்கமில்லாதது சார். உங்களுக்குச் சங்கடமா இருந்தா நீங்க எழுதிக் குடுங்க, நான் வந்து படிச்சுடறேன்."

"அதுவும் நல்ல யோசனைதான்," என்றார் மேலாளர், பளிங்கின் பக்கம் திரும்பி. "புதன்கிழமை முதல் நாள். இவரே பேசட்டும். சரியா வரலைன்னா அப்புறம் நீங்களே பார்த்துக்குங்க."

சோதனைக்காக என்னைக் கேமரா முன் நிறுத்தினார்கள். திரும்பித் திரையைப் பார்த்தேன். வேற்றுக் கோளில் இறங்கிய விண்கலம் அனுப்பிய படம் போல இருந்தது. கம்பி கட்டிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர், "சார், படத்துல புள்ளி விழுது, கம்பி லூஸா இருக்கும்," என்று பின்னால் போய் ஆட்டிப் பார்த்தார். புள்ளிகள் போகவில்லை.

அன்று உறுதி பூண்டேன். என் நற்சிந்தனை என் குரலில்தான், என் முகத்தோடுதான் வெளிவரும். ஆனால் இந்த முகத்தோடு அல்ல.

முகம் முக்கியமல்ல என்று உலகுக்கு எடுத்துரைப்பதற்காக முகத்தைச் சீர்செய்துகொள்வதில் முரண் இருப்பதாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆழ்ந்து சிந்திக்காதவர்களுக்குப் பலவும் தோன்றும்.

ஆனால் எந்த மருத்துவரிடம் போவது? மனைவியிடம் கேட்கும் வழியை நானே அணை கட்டி அடைத்திருந்தேன். அப்போதுதான் எனக்கு வாய்ப்புக் கிட்டியது. மாலையில் நான் குளியலறையில் இருந்தேன். அவள் கதவுக்கு வெளியே நின்று தன் அக்காளோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா, மேம்பாலத்துக்குப் பக்கத்துல, மருந்துக் கடைக்கு மாடியில இருக்கிற டாக்டரம்மாதான்... பருத் தழும்புக்கு அவங்கதான் கெட்டிக்காரங்களாம்... ஆம்பளைங்கல்லாம்கூட வராங்களாம்க்கா, யாரும் ஒண்ணும் நினைக்கிறதில்லையாம்... மேம்பாலம்க்கா, மேம்பாலம். மருந்துக் கடைக்கு மாடி."

இடத்தை இரண்டாம் முறை உரக்கச் சொன்னாள். அக்காளுக்குக் காது மந்தமாகி வருகிறது போலும் என்று இரக்கப்பட்டேன். ஒரு பெண்ணின் வாயிலிருந்தே அவளுக்குத் தெரியாமல் தகவலைப் பறித்துக்கொண்ட என் திறமையை எண்ணி, இன்னும் ஒரு குவளை நீர் அதிகமாக ஊற்றிக்கொண்டேன்.

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்தேன். டாக்டரம்மா என் கன்னத்தின் மேல் பக்கவாட்டில் ஒரு விளக்கைப் பிடித்தார். வாழ்நாள் முழுவதும் நான் அணைத்து வந்த விளக்கு அது.

"என்ன எதிர்பார்த்து வந்திருக்கீங்க?"

"குழந்தைக்கு இருக்கிற மாதிரி கன்னம்."

"அது குழந்தைக்குத்தான் இருக்கும்." விரலால் தோலை இழுத்துப் பார்த்தார். "தழும்புல மூணு தினுசு இருக்கு. ஊசியால குத்தின மாதிரி குறுகலா, ஆழமா ஒண்ணு. ஓரம் வெட்டின மாதிரி அகலமா ஒண்ணு. அலை அலையா ஒண்ணு, அதை உள்ளே நார் மாதிரி ஏதோ கீழே இழுத்துப் பிடிச்சிருக்கும்."

"எனக்கு எது டாக்டர்?"

"உங்களுக்கு எதிலயும் குறை இல்ல."

நான் தொழில் அறிவைக் காட்டினேன். "பட்டி பார்க்கற மாதிரி பள்ளத்தை நிரப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, மேல ஒரு பூச்சு குடுத்தா முடிஞ்சுது. சுவருக்கு நாங்க ஒரே நாள்ல பண்ணிடுவோம்."

"சுவருக்கு உயிரில்லையே சார்." அவர் பொறுமையாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நல்லாக் கேட்டுக்குங்க. சின்னச் சின்ன ஊசியால தோல்ல குத்துவோம். அடிபட்டுடுச்சுன்னு தோல் தன்னைத்தானே சரிபண்ணிக்க ஆரம்பிக்கும். அது உள்ளேயிருந்து நடக்கிற வேலை. பலன் தெரிய மாசக்கணக்கு ஆகும். ஒரு தடவை பண்ணினா போதாது. எத்தனை தடவை பண்ணினாலும் முழுசா மறையாது, குறையும். இதை ஒத்துக்கிட்டாத்தான் நான் கை வைப்பேன்."

"லேசர்னு சொல்றாங்களே?"

"நம்ம நிறத் தோல்ல அதை அவசரப்பட்டு வச்சா கருத்துப் போயிடும். பின்னால பார்க்கலாம்."

"பண்ணின உடனே எப்படி இருக்கும்?"

"சிவக்கும். வீங்கும். அப்புறம் காய்ஞ்சு உரியும். அது ஆறற வரைக்கும் இப்ப இருக்கறதைவிட மோசமாத்தான் தெரியும். அதனால கேட்கறேன், பக்கத்துல முக்கியமான நிகழ்ச்சி ஏதாவது இருக்கா? நாலு பேர் முன்னாடி நிக்கற மாதிரி?"

வாய்மையைப் பற்றி நான் ஒலிபெருக்கியில் பேசாத மாதமே இல்லை. ஆகவே சற்றும் தயங்காமல், "இல்லை," என்றேன். சனிக்கிழமைக்கு ஒத்துக்கொண்டேன். ஒழுக்கம் இல்லாதவர்களின் தோல் ஒரு வாரம் உரியலாம். என் தோல் புதன்கிழமைக்குள் கடமையை உணராதா?

"உங்க எதிர்பார்ப்பு கொஞ்சம் தரைக்கு வரணும்," என்று டாக்டரம்மா கணினியைத் திருப்பினார். "ஒரு அம்மா சம்மதிச்சதால இந்தப் படத்தைக் காட்டறேன். கன்னம் மட்டும்தான் தெரியும், மீதியெல்லாம் மறைச்சிருக்கு. இது முன்னாடி."

"ஐயோ பாவம்!" என்றேன். "கரடு முரடா இருக்கே! யாரு பெத்த பொண்ணோ. இவங்க வீட்டுக்காரர் ரொம்பப் பொறுமைசாலி போல."

டாக்டரம்மா அடுத்த படத்தைக் காட்டினார். "இது பின்னாடி. முழுசாப் போகல, பாருங்க. உத்துப் பார்த்தா தெரியும். ஆனா முதல்ல வந்தப்ப தலையைக் குனிஞ்சுக்கிட்டேதான் பேசினாங்க. இப்ப நிமிர்ந்து பேசறாங்க. எனக்கு அதுதான் கணக்கு."

நான் நெகிழ்ந்துபோனேன். அப்படி ஓர் அமைதியான, அடக்கமான, ஒளியுள்ள கன்னம். கண்ணை எடுக்கவே முடியவில்லை.

நெகிழ்ச்சி என்பது அடக்கிவைக்கக் கூடியதா? வீட்டுக்கு வந்ததும் கொட்டிவிட்டேன். மனைவி சன்னலருகே சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு ஒரு பத்திரிகைல ஒரு கன்னம் பார்த்தேம்மா."

"வெறும் கன்னமா?"

"வெறும் கன்னம்தான். அறிவியல் கட்டுரை."

"ஆம்பளைக் கன்னமா, பொம்பளைக் கன்னமா?"

"பொம்பளைதான். ஆனா அறிவியல்."

"எப்படி இருந்துச்சு?"

"முன்னாடி பார்க்கச் சகிக்கல. பின்னாடி... அடடா! பார்த்துக்கிட்டே இருக்கலாம். அந்தம்மா வீட்டுக்காரர் குடுத்து வச்சவர்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். முகத்தில் விழுந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். மாலை வெயில் முழுவதும் அவள் முகத்தில் விழும்படி சன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"அந்தக் கன்னம் நல்லா ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"கண்ணை மூடினா அப்படியே தெரியுது."

"கண்ணைத் திறந்தா?"

"என்ன கேட்கற நீ?"

"ஒண்ணுமில்ல," என்று மறுபடி இஸ்திரி போடத் தொடங்கினாள். சட்டைக் காலரை வேண்டியதைவிடச் சற்று அதிகமாக அழுத்தினாள் என்பது நினைவிருக்கிறது. காலர் சுருங்கியிருக்கும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை அவளுக்கு மாலைப் பணி. நான் மேம்பாலத்துக்குப் போனேன். முதலில் மரத்துப்போகும் களிம்பு பூசி உட்கார வைத்தார்கள். பிறகு ஒரு தையல் இயந்திரம் என் கன்னங்களில் பூவேலை செய்வது போல உணர்ந்தேன். வலி பொறுக்க முடியாதது என்று சொன்னால் பொய். பொறுக்க முடிந்தது என்று சொன்னால் அதுவும் பொய். முடிந்ததும் வெயில் கூடாது, வியர்வை கூடாது, சவரம் கூடாது, உரிவதைப் பிய்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

பணி முடிந்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க இது முகம்?"

"மொட்டை மாடியில தண்ணித் தொட்டியைப் பார்க்கப் போனேன். வெயில் சுட்டுடுச்சு."

"ரெண்டு கன்னத்துல மட்டுமா? நெத்தியும் மூக்கும் நிழல்ல நின்னுச்சா?"

"தொப்பி போட்டிருந்தேன்."

"மூக்குக்குமா?"

"கொஞ்சம் பெரிய தொப்பி."

அவள் பெருமூச்சு விட்டாள். அவ்வளவுதான். பட்டை நகர்ந்து, பெட்டி வெளியே வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். அவளோ அன்பே வடிவாக மாறினாள்.

"வெதுவெதுப்பான தண்ணில மெதுவா ஒத்திக் கழுவுங்க, தேய்க்காதீங்க. இந்தக் களிம்பை மெல்லிசா தடவுங்க. நாளைலேருந்து சொரசொரன்னு இருக்கும், அப்புறம் உரியும். பிய்ச்சீங்கன்னா கறுப்பாப் பதிஞ்சிடும். அடுப்புப் பக்கம் வராதீங்க. வெளியில போறதா இருந்தா வெயில் தடுக்கிற கிரீம் போடுங்க, என் அலமாரில இருக்கு. குடை எடுத்துக்குங்க."

வெயில் சுட்ட முகத்தைப் பற்றி இவளுக்கு இவ்வளவு தெரியுமா என்று வியந்தேன். வியப்பே அறிவின் வாசல் என்று ஒலிபெருக்கியில் சொன்னவன் நான். வாசலோடு நின்றுவிட்டேன்.

"ஏங்க, புதன்கிழமை திரையில பேசறதை ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லுங்களேன்," என்றாள். "அதுக்குள்ள ஆறிடும்."

"எதுக்கு? முகமா முக்கியம்?"

"அதானே. நான்தான் மறந்து மறந்து போயிடறேன்."

புதன்கிழமை வந்தது. என் தோல் கடமையை உணரவில்லை. பழைய சுவரில் சுண்ணாம்பு செதில் செதிலாக எழும்புவது போல் இரண்டு கன்னங்களும் எழும்பி நின்றன. அடியில் செக்கச் சிவப்பு. மறைக்கலாம் என்று வெயில் தடுக்கும் கிரீமை அள்ளிப் பூசினேன். சிவப்புக்குப் பளபளப்பும் சேர்ந்தது. ஆனால் பின்வாங்கினால் அந்த இடம் பளிங்குக்குப் போய்விடும். கேமராவின் முன் நின்றேன்.

"அன்பர்களே! முகம் தகரம்..."

கூடம் முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தது. என் சொல்லின் ஆற்றல் என்று நினைத்தேன்.

"யோவ், சாருக்கு ஏதோ தெறிச்சிருக்குய்யா!" என்று கலவைப் பிரிவிலிருந்து ஒரு குரல்.

"கரைப்பானா? அமிலமா? தோலே உரியுது பாரு!"

பளிங்கு பாய்ந்து வந்தார். எங்கள் தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. ரசாயனம் பட்டவரை உடனே அவசரக் குழாயின் கீழ் நிறுத்தி, கால்மணி நேரம் தண்ணீர் விட வேண்டும். பட்டவர் அதிர்ச்சியில் 'எனக்கு ஒன்றுமில்லை' என்றுதான் சொல்வார். நம்பக் கூடாது. இந்த விதியை ஒலிபெருக்கியில் உணர்ச்சியோடு பலமுறை படித்துக் காட்டி, எல்லோர் மனத்திலும் பதியவைத்தவன் நான்.

"எனக்கு ஒண்ணுமில்லய்யா!" என்று கத்தினேன்.

"அதிர்ச்சில இருக்கார்! தூக்குங்க!"

"இது வெயில்! வெறும் வெயில்!"

"உளறவும் ஆரம்பிச்சுட்டார்! சீக்கிரம்!"

கூடத்தின் வாசலிலேயே குழாய். கைப்பிடியை இழுத்தார்கள். மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. கேமராக்காரர் கடமை தவறாதவர், கூடவே வந்தார். கதவு உயரத் திரையில் நான் கால்மணி நேரம் நனைந்தேன். என் நற்சிந்தனையை இறுதிவரை ஒருவரும் எழுந்து போகாமல் பார்த்தது அன்றுதான்.

இறுதியில் மேலாளர் கைதட்டினார். "பிரமாதம்! பாதுகாப்பைப் பத்தி இதைவிட நல்லாப் புரியவைக்க முடியாது. வாராவாரம் நடத்துவோம். பேசறது பாதுகாப்பு அதிகாரி. நனையறது நீங்க."

சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தேன். காலைப் பணி முடித்து வந்திருந்த மனைவி துண்டை நீட்டினாள்.

"தேய்க்காதீங்க. ஒத்தி எடுங்க."

என் பொறுமை உடைந்தது. "எல்லாம் அந்த டாக்டரம்மாவால! அந்தப் படத்துல இருந்த அம்மாவுக்கு மட்டும் எப்படி அவ்வளவு அழகா ஆச்சு?"

"எந்தப் படம்?"

"டாக்டரம்மா காட்டின..."

"பத்திரிகைல பார்த்ததாச் சொன்னீங்க?"

நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"மேம்பாலத்துக்குப் போனீங்க," என்றாள் நிதானமாக. "குளியலறைல இருந்து நீங்க கேட்கட்டும்னுதான் அக்காகிட்ட அவ்வளவு சத்தமாப் பேசினேன். போங்கன்னு நேரா சொன்னா போயிருப்பீங்களா? நிலம், பயிர், மழைன்னு ஆரம்பிச்சிருப்பீங்க. திரை வரப்போகுதுன்னு வந்து சொன்ன அன்னிக்கே நீங்க சாப்பிடல. பாவமா இருந்துச்சு."

"அப்ப உனக்கு எல்லாம் தெரியுமா?"

"பெட்டி என் முன்னாலதானே நகர்ந்து போச்சு."

"சரி, அந்தம்மா..."

"அந்தம்மாவும் முதல் வாரம் உங்களை மாதிரியே உரிஞ்சுதான் கிடந்தா. ஒரு தடவை இல்ல, நாலஞ்சு தடவை."

"உனக்கு அவங்களைத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். உங்களுக்கும் தெரியும். தினமும் உங்களுக்குச் சாப்பாடு போடறா."

நான் நின்றபடியே உட்கார முயன்றேன். நாற்காலி சற்றுத் தள்ளி இருந்தது.

"நீயா? எப்ப? நீ உரிஞ்சு கிடந்தப்ப நான் எங்க இருந்தேன்?"

"எதிர்லதான். ஒலிபெருக்கிக்கு 'கவனித்தலின் சிறப்பு' எழுதிக்கிட்டிருந்தீங்க. மழையே இல்லாத மாசத்துல ஏம்மா குடை எடுத்துட்டுப் போறேன்னு ஒரு நாள் கேட்பீங்கன்னு பார்த்தேன்."

பிறகு அவள் சொன்னதுதான், அன்பரே, எந்தக் குழாயும் ஊற்ற முடியாத தண்ணீர்.

"படத்தை மத்தவங்களுக்குக் காட்டலாமான்னு டாக்டரம்மா கேட்டாங்க. 'யோசிச்சுச் சொல்லுங்கம்மா, எதை மறைச்சாலும் உங்க வீட்டுக்காரர் பார்த்தா உடனே கண்டுபிடிச்சிடுவார்'ன்னாங்க. 'அவரா? தைரியமாக் காட்டுங்க'ன்னு சிரிச்சேன். அங்க சிரிச்சுட்டேன். பஸ்ல ஏறி உட்கார்ந்தப்புறம் சிரிப்பு வரல."

உவமை ஒன்றைத் தேடினேன். நிலமும் இல்லை, பயிரும் இல்லை, டப்பாவும் இல்லை. கடைசியில் ஒரு மனிதன் செய்யக்கூடியதைச் செய்தேன். அவள் முகவாயை மெல்லப் பிடித்துச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன். ஆண்டுக்கணக்கில் முதல்முறையாக உற்றுப் பார்த்தேன். என் கண்கள் கலங்கின.

"தெரியுதும்மா! எவ்வளவு மாற்றம்! படத்துல பார்த்த அதே கன்னம்!"

அவள் என் கையை எடுத்துவிட்டாள்.

"அது இடது கன்னங்க. அதுல எப்பவுமே எதுவும் இருந்ததில்ல. தழும்பு இருந்தது வலதுல."

ஆகவே அன்பரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். தழும்புக்கு மருத்துவம் செய்துகொள்ளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். அது மாதக்கணக்கில் ஆகும் காரியம், மெதுவாக முடிவெடுக்கலாம். ஆனால் இது காத்திருக்காது. இன்றே, இந்தப் பக்கத்தைக் கீழே வைத்த கையோடு, எழுந்து போங்கள். பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பவரின் எதிரில் போய் நின்று, விளக்கைப் போட்டு, அவர் முகத்தைப் பாருங்கள். "என்ன?" என்று கேட்பார். ஒன்றும் பேசாதீர்கள், உவமை வேண்டவே வேண்டாம். வலது பக்கத்தையும் பாருங்கள்.